ப்ளூடூத்தில் பேசிக்கொண்டே ஓட்டுவது பாதுகாப்பா? பக்கத்தில் போகிறவர் போனில் இருந்தால் நான் என்ன செய்வது?

நீங்கள் கேட்டதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். தினமும் தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரை, சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி ரோட்டில் ஸ்கூட்டரில் போய்வருகிறீர்கள். வண்டியில் ஏறிவிட்டால் போனைத் தொடுவதே இல்லை. ஆனால் சுற்றி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் போனில் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்று கேட்கிறீர்கள். உங்கள் கணவர் ஹெல்மெட்டுக்குள் ப்ளூடூத் மாட்டிப் பேசியபடியே பைக் ஓட்டுகிறார், "கை ரெண்டும் ஹேண்டில்பாரில்தானே இருக்கு" என்கிறார், அது சரியா என்பது இரண்டாவது. கடைசி வரியில், மகள் போகும் பள்ளி வேனின் டிரைவரும் போன் பேசுகிறார், அவரிடம் எப்படிச் சொல்வது என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்தால் மூன்று கேள்விகள். அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: அடுத்தவருடைய கவனம் என் கையில் இல்லாதபோது, எனக்கும் என் வீட்டாருக்கும் ஒன்றும் ஆகாமல் நான் எப்படிப் பார்த்துக்கொள்வது?

நான் 17 வருடம் பஸ் ஓட்டினேன். அதன்பிறகு 11 வருடம் கனரக வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அதனால் இரு சக்கர வாகனத்தைப் பற்றி நான் சொல்வதில் பெரும்பகுதி பஸ் சீட்டின் உயரத்திலிருந்து பார்த்தது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பைக்கில் போகிறவரின் தலை, தோள், கை மூன்றும் துல்லியமாகத் தெரியும். யார் போனில் இருக்கிறார் என்பது அவர் பக்கத்தில் வரும் முன்பே தெரிந்துவிடும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கணவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம்.

பயிற்சி மைதானத்தில் நான் ஒரு சோதனை வைப்பதுண்டு. கோன்களுக்கு நடுவே மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை ஓட்டச் சொல்வேன். முன்னால் இடது பக்கம் என் உதவியாளர் சிவப்புத் துணியோடு நிற்பார். துணி உயர்ந்தால் பிரேக் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் இரண்டு சுற்றில் எல்லோரும் பிடித்துவிடுவார்கள். மூன்றாவது சுற்றில், "17-ஆம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கிட்டே ஓட்டு" என்பேன். ஒரு பையன் ஞாபகத்தில் நிற்கிறான். நல்ல கை, அவன் கியர் மாற்றுவதே கூட உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. "ஆறு பதினேழு நூத்திரெண்டு, ஏழு பதினேழு..." என்று இழுத்தான். அந்த நொடியில் துணி உயர்ந்தது. அவன் முகம் அந்தப் பக்கம்தான் இருந்தது, கண் திறந்திருந்தது, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. வண்டி துணியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். "சார், அவர் துணியைத் தூக்கவே இல்லை" என்று சத்தியம் பண்ணினான். அவன் பொய் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை துணி உயரவில்லைதான்.

இதையே ஆய்வாளர்கள் முறையாக அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கைச் சாலையில் ஓட்டியவர்களின் கண் எங்கே நிற்கிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். கையில் பிடிக்காத போனில் பேசியபடி ஓட்டியவர்கள் வழியிலிருந்த விளம்பரப் பலகைகளை நேராகப் பார்த்திருந்தும், பிறகு கேட்டபோது எதைப் பார்த்தோம் என்பது அவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே நினைவிருந்தது. சாலையில் கண் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை அங்கேயே உடைகிறது. கை எங்கே இருக்கிறது என்பது அதற்கும் அடுத்த விஷயம்.

விபத்துக் கணக்கும் இதையே சொல்கிறது, ஆனால் ஒரு சந்தேகம் உண்டு. கனடாவின் டொராண்டோவில் விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பில்லையும் விபத்து நேரத்தையும் ஒப்பிட்டு 1997-இல் வெளிவந்த ஆய்வில், போனில் பேசும் நேரத்தில் விபத்து வாய்ப்பு சுமார் 4 மடங்கு என்று வந்தது. கையில் பிடிக்காத போனால் அது குறைந்ததாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், காயம்பட்டு மருத்துவமனைக்கு வந்த ஓட்டுநர்களை வைத்து 2005-இல் வந்த ஆய்விலும் அதே 4 மடங்குதான். இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. லாரிகளிலும் கார்களிலும் கேமரா பொருத்தி மாதக்கணக்கில் பார்த்த அமெரிக்க ஆய்வுகளில், நம்பரைத் தேடுவதும் மெசேஜ் அடிப்பதும்தான் பெரிய ஆபத்தாகத் தெரிந்தன. வெறுமனே பேசுவது விபத்தை அவ்வளவாகக் கூட்டியதாகத் தெரியவில்லை. ஆக, மெசேஜ் அடிப்பது ஆபத்து என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ப்ளூடூத்தில் பேசுவது எவ்வளவு ஆபத்து என்பதில்தான் உண்டு. என் தீர்மானத்தைச் சொல்கிறேன். அந்த லாரிகள் ஓடிய நெடுஞ்சாலைகளில் எதிர்பாராதது அபூர்வமாகத்தான் குறுக்கே வரும். ஜிஎஸ்டி ரோட்டில் ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே மட்டும் ஷேர் ஆட்டோ நிற்கும், மீடியன் இடைவெளியில் ஆள் நுழைவார், எதிர்த்திசையில் பைக் வரும், மாடு படுத்திருக்கும். இந்த மாதிரி சாலையில் மனசில் பாதியைப் போனுக்குக் கொடுத்துவிட்டு ஓட்ட முடியாது. உங்கள் கணவர் சொல்வது தவறு.

அவர் அடுத்து, "பின்னாடி உட்கார்ந்து நீ பேசலையா? அது மட்டும் பரவாயில்லையா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. கூட வருகிறவருக்கும் சாலை தெரியும். லாரி நெருங்கினால் நீங்களே பேச்சை நிறுத்துவீர்கள், "பார்த்துப்பா, பஸ் வருது" என்பீர்கள். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு லாரி தெரியாது. அவர் பேசிக்கொண்டே போவார், பதிலும் எதிர்பார்ப்பார். பாட்டு கேட்பது இந்த அளவு மனசைப் பிடிக்காது. ஆனால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓட்டினால் பின்னால் வரும் ஹாரன் கேட்காது. பஸ் ஓட்டியபோது என் ஹாரனுக்கு அசையாமல் நடு ரோட்டில் போனவர்களில் பெரும்பாலானோர் காதில் ஏதாவது ஒன்று இருந்தது.

இன்னொன்று, சிக்னலில் நிற்கும்போது போனைப் பார்ப்பது. அதில் என்ன ஆபத்து என்று எல்லோரும் கேட்பார்கள். ஸ்ட்ரேயர் குழுவினர் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ-வின் அறக்கட்டளைக்காகச் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், காரில் குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 விநாடி வரை ஆகலாம் என்று கண்டார்கள். எல்லாருக்கும் எப்போதும் 27 விநாடி ஆகும் என்று இதற்கு அர்த்தமில்லை. அதிகபட்சம் அவ்வளவு வரை போனது, அவ்வளவுதான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் 27 விநாடி என்பது 300 மீட்டர். வண்டலூர் சிக்னலில் ஆபீஸ் மெசேஜைப் படித்துவிட்டுப் பச்சை விழுந்ததும் கிளம்புகிறவர், அந்த 300 மீட்டரை அரை மனசோடு ஓட்டலாம். ஓடும்போதே பார்க்கிறவர் கதை இன்னும் மோசம். 60 கிலோமீட்டர் வேகத்தில் 5 விநாடி கீழே குனிந்தால் 83 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தில், ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது 184-ஆம் பிரிவின் கீழ் அபாயகரமாக ஓட்டுதல் என்றே வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. முதல் முறைக்கு 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பெயர் சொல்லி அங்கே எழுதியிருப்பது கையில் பிடித்த போன் என்பதால், ப்ளூடூத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சட்டப் பிரிவு தடுக்கவில்லை என்பதற்காக மூளை இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்துவிடாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் போன் பயன்படுத்தியதால் என்று பதிவானது 3,395. இந்த இரண்டாவது எண்ணை நான் அப்படியே நம்ப மாட்டேன். இறப்புகளில் 70 சதவீதத்துக்கு மேல் 'அதிவேகம்' என்ற காரணத்தின் கீழ்தான் எழுதப்படுகிறது. விபத்து நடந்த இடத்தில் சக்கரத் தடம் தெரியும், உடைந்த கண்ணாடி தெரியும். காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த பேச்சு எந்தத் தடயத்தையும் விட்டுப் போவதில்லை. உண்மை எண் இதைவிட அதிகம் என்பது என் ஊகம், எவ்வளவு அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்வி. போனில் இருக்கிறவரை எப்படி அடையாளம் காண்பது? பைக்கில் என்றால் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அந்தப் பக்கத் தோள் காதுவரை உயர்ந்திருக்கும். அல்லது ஹெல்மெட்டின் ஓரத்தில் போன் செருகியிருக்கும். இடது கை ஹேண்டில்பாரில் இல்லாமல் தொடையில் இருந்தால் அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். காரில் என்றால் ஆளைப் பார்க்கத் தேவையில்லை, வண்டியே சொல்லும். முன்னால் நிறைய இடம் இருந்தும் மெதுவாகப் போகும், காரணமில்லாமல் வேகம் கூடும், பிறகு குறையும். லேனுக்குள் மெல்ல ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டே போய், சட்டென்று ஒரு வெட்டு வெட்டித் திரும்ப நேராகும். அந்த வெட்டு முக்கியம், அப்போதுதான் அவர் தலையைத் தூக்கியிருக்கிறார். பச்சை விழுந்த பிறகும் நகராத வண்டி, இண்டிகேட்டர் போட்டபடி இரண்டு கிலோமீட்டர் போகும் வண்டி, பிரேக் லைட் விட்டுவிட்டுத் திடீர் திடீரென்று எரியும் வண்டி, இவற்றையும் அதே கணக்கில் வையுங்கள். இரவில் டிரைவர் முகத்தில் கீழிருந்து வெளிச்சம் அடித்தால் சந்தேகமே வேண்டாம். குடித்தவராகவோ தூக்கக் கலக்கத்தில் இருப்பவராகவோகூட இருக்கலாம். எதுவானாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

அவரை விட்டுப் பின்தங்குங்கள். ஓவர்டேக் பண்ணி முன்னால் போய்விடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். முன்னால் போனால் கவனமில்லாத வண்டி உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுகிறது, ஸ்கூட்டருக்கு அது ஆகாது. கண் முன்னால் இருக்கிறவரைச் சமாளித்துவிடலாம். கட்டாயம் தாண்ட வேண்டும் என்றால் அவர் பக்கத்தில் சேர்ந்தே ஓட்டாதீர்கள். வலது பக்கம் ஓர் ஆள் கை நீட்டும் தூரத்துக்கும் அதிகமாக இடம் விட்டு, குட்டியாக ஒரு ஹாரன் கொடுத்து, ஒரே மூச்சில் தாண்டிவிடுங்கள். நீளமாக ஹாரன் அடித்தால் அவர் பதறி எந்தப் பக்கம் வெட்டுவார் என்று சொல்ல முடியாது. கிட்டத்தில் போய்க் கத்துவதும் அப்படித்தான்.

முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே 3 விநாடி இடைவெளி வையுங்கள். முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது நிதானமாக எண்ணத் தொடங்கி, மூன்று சொல்லும் முன் நீங்கள் அதே கம்பத்துக்கு வந்துவிட்டால் நெருக்கம் அதிகம். "ஜிஎஸ்டி ரோட்டில் இடம் விட்டால் நாலு பேர் நுழைவான்" என்பீர்கள். நுழைவார்கள்தான். ஒருவர் நுழைந்தால் மறுபடி பின்வாங்க உங்களுக்கு ஆகும் செலவு இரண்டு மூன்று விநாடி. மறைமலை நகர் போய்ச் சேருவதற்குள் 20 பேர் நுழைந்தாலும் மொத்தம் ஒரு நிமிடம்.

மீடியன் இடைவெளியிலும் சர்வீஸ் ரோடு வந்து சேரும் இடத்திலும் டிரைவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று நம்பிப் போகாதீர்கள். முகம் உங்கள் பக்கம் திரும்பியிருந்தாலும் அந்தப் பையன் சிவப்புத் துணியைப் பார்த்த மாதிரிப் பார்த்திருக்கலாம். அவருடைய முன் சக்கரத்தைப் பாருங்கள். வண்டி நகரப் போகிறது என்பது மனிதர் முகத்தில் தெரியும் முன் சக்கரத்தில் தெரிந்துவிடும். சக்கரம் அசைந்தால் ஆக்ஸிலேட்டரை விடுங்கள், இரண்டு கை விரல்களும் பிரேக் மேல் இருக்கட்டும். இடது பக்கம் திரும்பப் போகிற பஸ், லாரியின் இடப்பக்கத்தில் ஒருபோதும் நுழையாதீர்கள். அங்கே டிரைவர் முழுக் கவனத்தோடு இருந்தாலும் நீங்கள் அவருக்குத் தெரியமாட்டீர்கள். நானே அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தவன், அதனால் அடித்துச் சொல்கிறேன்.

டிராஃபிக் நின்றிருக்கும் வரிசையின் கடைசியில் நிற்பதுதான் எனக்கு மிகவும் பயமான இடம். பின்னால் வருகிறவர் போனில் இருந்தால் நிற்கும் வரிசை அவர் மனசில் பதியாது. நட்ட நடுவில் நிற்காமல் ஓரமாக, முன் வண்டியை உரசாமல், விலகிப் போகக் கொஞ்சம் இடம் வைத்து நில்லுங்கள். பிரேக்கை இரண்டு மூன்று முறை தட்டினால் பின் விளக்கு மினுக்கும். உங்கள் பின்னால் இரண்டு வண்டி வந்து நிற்கும் வரை கண் மிரரிலேயே இருக்கட்டும். மிரர் இல்லாத ஸ்கூட்டர், மடக்கி வைத்த மிரர், இரண்டும் எனக்கு ஒன்றுதான். 2017 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான ஸ்கூட்டர் என்றால் ஹெட்லைட் பகலிலும் எரியும். பழைய வண்டி என்றால் நீங்களே பகலிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் ஓட்டுகிறவர் பக்கம். போன் என்றால் அதற்கு இன்னொரு முனையும் உண்டு. பயிற்சிக்கு வரும் டிரைவர்களிடம் ஓட்டும்போது யாருடைய போனை எடுக்காமல் இருக்க முடியாது என்று கேட்பேன். பெரும்பாலும் இரண்டே பதில்: ஓனர், வீடு. "எங்க வர்றீங்க?" என்று கேட்பதற்காகவே அந்தப் போன் வரும். எடுக்காவிட்டால் வீட்டில் பயப்படுவார்கள் என்று எடுக்கிறார். பயந்தவர்கள்தான் அவரை ஆபத்தில் இறக்குகிறார்கள்.

என் அனுபவம் ஒன்று. 2008-இல் அப்பா மருத்துவமனையில் இருந்தார். மாலை டிரிப்புக்கு வண்டி எடுக்கும் முன் அண்ணன் கூப்பிட்டு, "டாக்டர் இன்னொரு ஸ்கேன் எடுக்கணும்னு சொல்றார்டா" என்றார். போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டுத்தான் ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டர் விடாமல் விசில் ஊதினார். நிறுத்தினேன். அவர் முன்னால் நடந்து வந்து என் தோளில் கை வைத்து, "அண்ணே, ரெண்டு ஸ்டாப்பிங் தாண்டி வந்துட்டோம். ஒரு விசில் கொடுத்தேன், நீங்க நிக்கல" என்றார். இரண்டு ஸ்டாப்பிங்கிலும் ஆட்கள் கை காட்டியிருக்கிறார்கள். எனக்கு எதுவுமே தெரியவில்லை. போன் அணைத்துத்தான் இருந்தது. யாரும் குறுக்கே வராததால் 60 பேரும் நானும் தப்பித்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வண்டியில் இருப்பவருக்குக் கெட்ட செய்தி சொல்வதில்லை, வண்டி எடுக்கப் போகிறவருக்கும் சொல்வதில்லை.

உங்கள் வீட்டில் இன்றே செய்யக்கூடியது இது. போன் எடுத்ததும் முதல் வார்த்தை, "வண்டியிலயா?" ஆமாம் என்றால் வேறு ஒரு சொல்லும் பேசாமல் வைத்துவிடுவது. எங்கே வருகிறார் என்று தெரிந்துகொள்ள வாட்ஸாப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள், கேட்காமலே தெரியும். நிஜமான அவசரம் என்றால் அடுத்தடுத்து இரண்டு முறை அடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை அடித்தால் ஓரம் கட்டி, ஸ்டாண்ட் போட்டு எடுக்க வேண்டும். ஒருமுறை அடித்து நின்றால் போய்ச் சேர்ந்து பேசிக்கொள்ளலாம். கணவரோடு வாதாடுவதில் பயனில்லை. ஒருநாள் அவர் பேசிக்கொண்டே வந்து இறங்கியதும் சாதாரணமாகக் கேளுங்கள்: "பெருங்களத்தூர்ல டிராஃபிக் போலீஸ் நின்னாங்களா?" அவருக்கு ஞாபகம் வராது. அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், அவரே யோசிக்கட்டும்.

வேன் டிரைவர் விஷயத்தில், பிள்ளைகள் முன்னால் அவரைக் கேட்காதீர்கள். டிரிப் முடிந்த பிறகு தனியாகப் பேசுங்கள். "அண்ணா, காலையில உங்களுக்கு எத்தனை போன் வருது?" என்று தொடங்குங்கள். காலை 7 மணியிலிருந்து 8 மணிக்குள் அவரைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் நம்மைப் போன்ற பெற்றோராகத்தான் இருப்பார்கள், "வேன் எங்க வருது, பாப்பா ரெடியாகிட்டிருக்கா, ரெண்டு நிமிஷம் நில்லுங்க" என்று. அவர் எடுக்காவிட்டால் புகார் போகும், எடுத்தால் நாம் பயப்படுகிறோம். பள்ளி வாகனத்தில் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 2012-ஆம் ஆண்டு பள்ளி வாகன விதிகளிலேயே இருக்கிறது. டிரைவரின் போன் அந்த ஆயாவிடம் இருக்கட்டும், அவரே எடுத்துப் பதில் சொல்லட்டும் என்று பெற்றோர் குழுவில் பேசி முடிவு செய்யுங்கள். ஆயா இல்லாத வேன் என்றால் முதலில் பள்ளியில் அதைக் கேளுங்கள். அப்படியும் அவர் பேசுவது நிற்கவில்லை என்றால் தேதி, நேரம், வண்டி எண் மூன்றையும் எழுதிப் பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஆர்டிஓ அலுவலகத்துக்கு அந்தக் காகிதத்தின் நகலோடு போங்கள்.